பென்டிரைவில் எந்தப் பாட்டை ஏற்றலாம்?

நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில் கொல்லிமலையைப் பார்த்தபடி இருக்கும் பேரூராட்சி எருமப்பட்டி. கோழிப்பண்ணையையும் லாரியையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த வட்டாரம். முட்டை ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் வண்டியானாலும் சரி, திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போட வட மாநிலங்களுக்குக் கிளம்பும் ரிக் வண்டியானாலும் சரி, கேபினில் பாட்டு இல்லாமல் இரவுப் பயணம் ஓடாது. அந்தப் பாட்டு பெரும்பாலும் ஒரு பென்டிரைவிலிருந்துதான் வருகிறது. செல்போன் கடையில் காசு கொடுத்து ஏற்றியதாக இருக்கும், இல்லாவிட்டால் ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து இறக்கியதாக இருக்கும். ஒரு தலைமுறைக்கு முன்பு இதே வேலையைக் கேசட் ரெக்கார்டிங் கடைகள் செய்தன. பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால் இரண்டு நாள் கழித்து வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்கள். கேசட் போய் மெமரி கார்டு வந்தது, மெமரி கார்டு போய் பென்டிரைவ் வந்தது, பழக்கம் மாறவில்லை. உரிமை பெறாமல் பாட்டை நகலெடுத்து விற்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்க அதில் இடமிருக்கிறது. சட்டத்தை மீறாமல், காசும் கொடுக்காமல், ஓர் எருமப்பட்டிக்காரர் இணையத்தில் எந்தப் பாட்டைக் கேட்கலாம், எந்தப் பாட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கேட்பதும் வைத்துக்கொள்வதும் இரண்டு வேறு காரியங்கள். முதலாவதற்கு இன்று வழி தாராளமாக இருக்கிறது. இரண்டாவதற்கும் சட்டம் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இடம் தருகிறது. ஆனால் எது நமக்குச் சொந்தமாகிவிட்டது என்று சொல்ல ஒரு பட்டியல்கூடத் தமிழ்நாட்டில் இல்லை. அந்தக் குறை தீராதவரை திருட்டுப் பாட்டைப் பற்றிய எல்லா உபதேசமும் பாதிப் பேச்சுதான் என்பது என் கருத்து.

முதலில் கேட்பதை எடுத்துக்கொள்வோம். யூடியூபில் ரெக்கார்டு கம்பெனிகளே தங்கள் பாட்டுகளை ஏற்றி வைத்திருக்கின்றன. பழைய எச்.எம்.வி. கம்பெனியின் வாரிசான சரிகம, தமிழுக்கென்றே தனிச் சேனல் நடத்துகிறது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. விளம்பரத்தைச் சகித்துக்கொண்டால் காசில்லாமல் கேட்கலாம். ஜியோசாவனும் அப்படித்தான். இவற்றில் கேட்பவர் யாரையும் ஏமாற்றவில்லை. விளம்பரக்காரர் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு பாட்டின் உரிமையாளருக்குப் போகிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, படத் தயாரிப்பாளருக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியை விட்டுக்கொடுத்துவிட முடியாது என்று விதி வந்தது. 1977இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காக எழுதப்படும் பாட்டுக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்ற கருத்தில் தீர்ப்பளித்திருந்தது. அதனால் 35 ஆண்டுகள் பாடலாசிரியர்கள் பட்ட நஷ்டத்துக்கு இந்தத் திருத்தம் ஓரளவு பரிகாரம். ஆக, கம்பெனிச் சேனலில் விளம்பரத்தோடு ஒரு பாட்டைக் கேட்பவர், பென்டிரைவில் திருட்டுப் பாட்டு கேட்பவரைவிட அந்தப் பாட்டை எழுதியவருக்கு நியாயம் செய்கிறார். கையிலிருந்து காசு போகவில்லை என்பதால் அந்த நியாயம் குறைந்துவிடாது.

அப்படியானால் லாரிக்காரர் ஏன் இன்னும் பென்டிரைவை விடவில்லை? இலவசச் செயலிகளை லாரிக் கேபினில் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். யூடியூபை இலவசமாகப் பயன்படுத்துகிறவர் திரையை அணைத்தால் பாட்டு நின்றுவிடும். பாட்டு ஓட வேண்டுமானால் திரை எரிந்துகொண்டே இருக்க வேண்டும். போன் சூடாகும், சார்ஜ் இறங்கும், ராத்திரியில் கண்ணெதிரே வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்கும். திரையை அணைத்துவிட்டுக் கேட்கும் வசதிக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். 2024 ஆகஸ்டில் அது 129 ரூபாயிலிருந்து 149 ரூபாய் ஆனது. மற்றச் செயலிகளிலும் பாட்டை இறக்கி வைத்துக்கொள்வது சந்தா கட்டுகிறவருக்குத்தான். மலைப்பாதையில் சிக்னல் போனால் பாட்டும் போகும். பென்டிரைவில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மக்கள் விரும்புவது இந்த வசதியைத்தான் என்பதற்குச் சரிகம கம்பெனியே சாட்சி. 2017இல் அது கொண்டுவந்த காரவான் பெட்டிக்குள் 5,000 பழைய பாட்டுகளை முன்கூட்டியே ஏற்றி விற்றது. இணையம் தேவையில்லை, பட்டனைத் திருப்பினால் பாட்டு. தமிழ்ப் பாட்டுகளுக்கும் தனியாக அந்தப் பெட்டி வந்தது. ஸ்ட்ரீமிங் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து அதை வாங்க ஆள் இருந்தார்கள் என்றால், பாட்டு கையில் இருக்க வேண்டும் என்ற ஆசை வெறும் கஞ்சத்தனத்தில் பிறந்ததல்ல.

கம்பெனி தரும் இலவசத்துக்கு இன்னொரு பலவீனம் உண்டு: கொடுத்தவர் நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம். 2010இல் தொடங்கிய கானா, 2022இல் இலவசக் கேட்பை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. கூகுள் பிளே மியூசிக் 2020 கடைசியில் மூடப்பட்டது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவை விட்டுப் போனது. அதே ஆண்டில் ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கும் முடிவுக்கு வந்தது. செயலி நிலைத்தாலும் அதற்குள் இருக்கும் பாட்டு நிலைக்கும் என்று உறுதியில்லை. 2019இல் சரிகமவுக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் தகராறு வந்து, அந்தக் கம்பெனியின் பாட்டுகள் அங்கிருந்து எடுக்கப்பட்டன. மறு ஆண்டு ஒப்பந்தம் ஆன பிறகுதான் திரும்பின. பழைய தமிழ்ப் பாட்டு ரசிகருக்கு இது சின்ன விஷயமில்லை, அவர் கேட்பதில் பெரும்பகுதி அந்த ஒரே கம்பெனியிடம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒருவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பாட்டு வரிசை, இரண்டு கம்பெனிகள் பேரம் படியாததால் ஒரே நாளில் ஓட்டை விழுந்துபோகிறது. அவருக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அவர் எதையும் வாங்கவில்லை. இதைக் கடனாக வந்த இலவசம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடனாக வராத ஓர் இலவசம் நம் நாட்டில் முன்பே இருந்தது, அதுதான் வானொலி. சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கு 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம் பல பத்தாண்டுகள் பாட்டு ஊட்டியது. அந்த வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. 1952இல் மத்திய அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அதை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய ஒதுக்கியே விட்டார். மக்கள் அதற்காக சினிமாப் பாட்டைக் கைவிட்டுவிடவில்லை. ரேடியோவின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவிதபாரதி தொடங்கப்பட்டதற்கு இதுவே முக்கியக் காரணம். அதற்குள் தமிழ்நாட்டுக் காதுகள் கொழும்புக்குப் பழகிவிட்டிருந்தன. அடுத்த முப்பது ஆண்டுகளும் அந்தப் பழக்கம் போகவில்லை. நேர்வழி அடைபட்டால் கேட்கிறவர் பக்கத்து வழியில் போய்விடுவார், பிறகு கதவைத் திறந்தாலும் எளிதில் திரும்பமாட்டார். இன்று திருட்டுத் தளங்களை முடக்குவதைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆகாசவாணியின் நிலையங்களை இப்போது செல்போனில் கேட்கலாம். 2016 ஜனவரி 26இல் தொடங்கிய ராகம் என்ற சேனல் நாள் முழுக்க சாஸ்திரிய சங்கீதம் தருகிறது. பிரசார் பாரதியின் ஆவணக் காப்பகம் பழைய கச்சேரிகளை யூடியூபில் வெளியிடுகிறது. இவை மக்கள் வரிப்பணத்தில் உருவான பதிவுகள். ஆனால் இங்கும் கேட்கலாமே தவிர, இறக்கி வைத்துக்கொள்ள முடியாது.

இனி வைத்துக்கொள்ளக்கூடிய பாட்டுக்கு வருவோம். இந்தியச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1965இல் வெளியான இசைத்தட்டின் உரிமை 2025 டிசம்பர் 31ஆம் தேதியோடு தீர்ந்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்தத் தட்டு பொதுச் சொத்து. ஆயிரத்தில் ஒருவன், எங்க வீட்டுப் பிள்ளை, திருவிளையாடல் எல்லாம் 1965இல் வந்த படங்கள். உடனே அந்தப் பாட்டுகளை எல்லாம் பென்டிரைவில் ஏற்றலாம் என்று கிளம்பிவிடக் கூடாது. ஒரு பாட்டின் மேல் மூன்று பூட்டுகள் இருக்கின்றன. ஒலிப்பதிவு ஒன்று, வரிகள் இன்னொன்று, மெட்டு மூன்றாவது. வரிகளுக்கும் மெட்டுக்கும் அவற்றைப் படைத்தவரின் ஆயுளோடு, அவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள். உரிமை யாரிடம் கைமாறியிருந்தாலும் கணக்கு படைத்தவரின் ஆயுளை வைத்துத்தான். கண்ணதாசன் 1981இல் மறைந்தார், எம்.எஸ். விஸ்வநாதன் 2015இல் மறைந்தார். ஆகவே அவர்கள் சேர்ந்து உருவாக்கிய 1965ஆம் ஆண்டுப் பாட்டில் ஒலிப்பதிவின் பூட்டு திறந்துவிட்டாலும், வரிகளின் பூட்டு 2041 முடியவும், மெட்டின் பூட்டு 2075 முடியவும் திறக்காது.

சேலத்துப் படம் ஒன்றையே எடுத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனம். 1956இல் அது வெளியிட்ட பாசவலை படத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பாட்டு எழுதினார், இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. பட்டுக்கோட்டையார் 1959இல், முப்பது வயதைக்கூட எட்டாமல், இறந்துபோனார். அவருடைய வரிகளின் பதிப்புரிமை 2019 கடைசியில் சட்டப்படி தீர்ந்தது. 1956ஆம் ஆண்டு ஒலிப்பதிவின் உரிமை 2016 கடைசியில் தீர்ந்தது. ஆனால் மெட்டு இருவர் சேர்ந்து அமைத்தது. இருவரில் கடைசியாக இறந்தவரை வைத்துக் கணக்கிட வேண்டும். எனவே அந்தப் பாட்டுகளின் மெட்டு 2075 வரை பூட்டியே இருக்கும். 1950இல் அதே நிறுவனம் எடுத்த மந்திரி குமாரியில் நிலைமை தலைகீழ். இசையமைத்த ஜி. இராமநாதன் 1963இல் காலமானதால் மெட்டு 2024 ஜனவரி 1 அன்றே விடுபட்டது, ஒலிப்பதிவு அதற்கும் முன்பே விடுபட்டது. ஆனால் பாட்டெழுதிய மருதகாசியும் கா.மு. ஷெரீப்பும் பல்லாண்டு வாழ்ந்தவர்கள். அவர்களுடைய வரிகளுக்குச் சட்டக் கணக்கு இன்னும் முடியவில்லை. ஒரே ஊரில், ஒரே கூரையின் கீழ், ஆறு ஆண்டு இடைவெளியில் உருவான இரண்டு படங்களுக்கே கணக்கு இவ்வளவு வேறுபடுகிறது. எருமப்பட்டியில் செல்போன் கடை வைத்திருப்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துப் பாட்டு ஏற்றுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வக்கீலுக்கே அரைநாள் வேலை.

மூன்று பூட்டும் திறந்த பாட்டுகள் இருக்கின்றனவா? இருக்கின்றன, அதுவும் குவியலாக. பழைய 78 வேக இசைத்தட்டுகளில் கணிசமான பகுதி கர்நாடக சங்கீதமும் பக்திப் பாட்டும். முத்துசாமி தீட்சிதர் 1835இலும் தியாகராஜர் 1847இலும் மறைந்தவர்கள். அருணகிரிநாதருக்கும் சம்பந்தருக்கும் பதிப்புரிமை என்ற பேச்சே எழாது. இவர்களுடைய பாட்டை 1965க்குள் யார் பாடித் தட்டு வெளியாகியிருந்தாலும், பழைய மெட்டிலேயே பாடியிருந்தால் அது முழுக்க நம் சொத்து. 1933இல் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டுகள், 1956இல் மறைந்த டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத் தட்டுகள், வீணை தனம்மாளின் தட்டுகள், நாமக்கல்லுக்கு மேற்கே காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளின் முற்காலத் தட்டுகளில் பல என்று சொல்லிக்கொண்டே போகலாம். ராஜரத்தினம் பிள்ளை தோடியை விரித்து வாசித்ததைக் கேட்டு ஒரு தலைமுறையே வளர்ந்தது. தட்டில் அவருக்குக் கிடைத்தது ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம்கூட இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ராகத்தின் முழு உருவத்தையும் நிறுத்திக் காட்டியிருக்கிறார். எவருடைய அனுமதியும் கேட்காமல் இதை இறக்கலாம், நகலெடுக்கலாம், கோயில் திருவிழாவில் போடலாம், லாரியிலும் கேட்கலாம். கம்பெனி மூடினாலும் இந்த உரிமை போகாது. இதைக் காலம் தந்த இலவசம் என்பேன்.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் இன்னொரு சிறப்பு உண்டு. காலம் கனியும்வரை காத்திராமல், அரசே விலை கொடுத்து வாங்கி மக்களுக்கு விட்டுவிடும் நாட்டுடைமை என்ற வழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. அது தொடங்கியதே பாட்டிலிருந்துதான். பாரதியார் பாட்டுகளை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதி யாருடைய தனிச் சொத்தாகவும் இருக்கக் கூடாது என்ற கோரிக்கை வலுத்து, 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமைகளைக் கையகப்படுத்தியது. மெய்யப்பச் செட்டியார் தன் உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். பின்னால் பாரதிதாசன், பட்டுக்கோட்டையார், உடுமலை நாராயணகவி என்று பாட்டெழுதியவர்கள் பலருடைய எழுத்தும் நாட்டுடைமை ஆயிற்று. மோகனூரில் பிறந்து 1972இல் மறைந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் எழுத்துகளும் அந்த வரிசையில் உண்டு. நாட்டுடைமை ஆகியிராவிட்டால், 1930 வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரக யாத்திரைக்காக அவர் எழுதிய வழிநடைப் பாட்டும் 2032 முடிய பூட்டில்தான் இருந்திருக்கும். நாட்டுடைமை நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலாக்கி, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. இது உலகத்தில் பல அரசுகள் செய்யாத காரியம். ஆனால் நூலோடு அது நின்றுவிட்டது. வரிகள் தாளில் விடுதலை பெற்றன. அவற்றைப் பாடிய குரல் கம்பெனிக் கிடங்கிலும், சேகரிப்பாளர் அலமாரியிலும், பழைய இரும்புக்கடையிலும் கிடக்கிறது.

பூட்டு திறந்த பாட்டுகள் இன்று இணையத்தில் எங்கே கிடைக்கின்றன? சிதறிக் கிடக்கின்றன. தேவாரம் உள்ளிட்ட திருமுறைகளை ஓதுவார் குரலில் கேட்கத் தனித் தளமே இருக்கிறது. திருச்செங்கோட்டுப் பதிகத்தையும் அங்கே கேட்டுவிடலாம். பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டம், மும்பையிலிருந்து வெளிவந்த யங் இந்தியா என்ற சுதேசி லேபிளின் இசைத்தட்டுகளை மின்வடிவமாக்கியது. விக்கிமீடியா பொதுவகத்தில் இந்தியாவின் 60 ஆண்டுக் கணக்கை வைத்து ஏற்றப்பட்ட ஒலிக்கோப்புகள் உண்டு. ஈழத்து நூலகம் நிறுவனம் 2005 முதல் நூல்களைச் சேமித்து வந்ததோடு, ஒலிப்பதிவுகளுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரியது அமெரிக்காவிலுள்ள இன்டர்நெட் ஆர்க்கைவ். தனி நபர்கள் ஏற்றிய தமிழ்த் தட்டுகள் அங்கே ஏராளம். இங்கேதான் ஒரு சிக்கல். இந்தியாவில் விடுபட்ட பாட்டு அமெரிக்காவிலும் விடுபட்டதாகாது. 2018இல் வந்த அமெரிக்கச் சட்டம், 1972க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கு ஏறக்குறைய நூறாண்டும் அதற்கு மேலும் பாதுகாப்புத் தருகிறது. அங்கே 1923க்கு முந்தைய பதிவுகளே 2022 ஜனவரியில்தான் பொதுச் சொத்து ஆயின. 78 வேகத் தட்டுகளை லட்சக்கணக்கில் மின்வடிவமாக்கிய ஆர்க்கைவின் திட்டத்தை எதிர்த்துப் பெரிய ரெக்கார்டு கம்பெனிகள் 2023இல் வழக்குப் போட்டன. 2025இல்தான் அது சமரசமானது. கிட்டப்பாவின் தட்டு இந்தியாவில் நமக்குச் சொந்தம், ஆனால் அது இருக்கும் கணினி வேறொரு நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. நம் பொதுச் சொத்தை நம் எல்லைக்குள் வைக்க நாம் ஏற்பாடு செய்யாததன் விளைவு இது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் மூன்றை நான் பொருட்படுத்துகிறேன். கிட்டப்பாவையும் தனம்மாளையும் இன்று யார் கேட்கிறார்கள், லாரிக்காரர் கேட்பது இளையராஜா பாட்டல்லவா என்பது முதலாவது. உண்மைதான். இளையராஜா பாட்டு எதுவும் நம் காலத்தில் பொதுச் சொத்தாகப் போவதில்லை. 2017இல் தன் பாட்டுகளை மேடையில் பாட அனுமதி வேண்டும் என்று எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கே அவர் தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. 1976க்குப் பிந்தைய சினிமாப் பாட்டைப் பொறுத்தவரை, கம்பெனிச் சேனலில் கேட்பது அல்லது சந்தா கட்டுவது இரண்டைத் தவிர நேர்வழி கிடையாது. அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் பழையதைக் கேட்க ஆளில்லை என்பது தவறு. மார்கழி விடியலில் கோயில் மைக் செட்டில் ஒலிப்பது பழைய பக்திப் பாட்டுதான். அண்ணன்மார் சாமி கும்பிடும் கொங்கு நாட்டில் உடுக்கையடிக் கதையை விடிய விடிய உட்கார்ந்து கேட்கும் கூட்டம் இன்றும் உண்டு. கிடைக்காத பாட்டை யாரும் கேட்கவில்லை என்று குறை சொல்வதில் பொருளில்லை.

இலவசம் பரவினால் கலைஞர் பிழைப்பு கெடும் என்பது இரண்டாவது. உயிரோடிருக்கும் கலைஞரைப் பொறுத்தவரை இதை முழுமையாக ஏற்கிறேன். அண்ணன்மார் கதை யாருக்கும் தனிச் சொத்தல்ல, ஆனால் இன்று அதை உடுக்கையடித்துப் பாடுகிறவரின் பாட்டு அவருடையது. நிகழ்த்துபவரின் உரிமை 1994இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, இப்போது 50 ஆண்டுகள் நீடிக்கிறது. திருவிழாவில் செல்போனில் பிடித்து, விளம்பரத்தோடு சேனலில் ஏற்றிச் சம்பாதிப்பவர், பாடியவருக்கு ஒரு ரூபாயும் தராவிட்டால் அது திருட்டுத்தான். சினிமாக் கம்பெனிக்கு எதிரான திருட்டைவிட இது கொடியது, ஏனென்றால் இவரிடம் வழக்குப் போடப் பணமில்லை. அதே வேகத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படைத்தவர் இறந்து 60 ஆண்டும் கடந்த பாட்டிலிருந்து எந்தக் கலைஞரின் அடுப்பும் எரியவில்லை. அங்கே காவல் நிற்பது கலைஞருக்காக அல்ல. யூடியூபின் தானியங்கிக் கண்காணிப்பு, பழைய தட்டை ஏற்றியவருக்கு ஒரு கம்பெனியின் உரிமைக் கோரிக்கையை அனுப்பினால், அவர் சட்டம் தன் பக்கம் இருந்தும் பயந்து எடுத்துவிடுகிறார். தன்னிடம் இருப்பது பொதுச் சொத்துதான் என்று காட்ட அவரிடம் எந்த அத்தாட்சியும் இல்லை.

மூன்றாவது மறுப்பு கனமானது. 60 ஆண்டு என்ற எல்லையே நிலையானதல்லவே, சட்டம் நீட்டிக்கொண்டே போனால் என்ன செய்வது? அப்படி நடந்திருக்கிறது. 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகள் 1991 கடைசியில் விடுபட வேண்டியவை. அதைத் தடுக்கத்தான் 50 ஆண்டு 60 ஆண்டாக நீட்டப்பட்டது, அந்த நீட்டிப்பு எல்லாருக்கும் பொருந்தியது. மறுபடி நீட்டச் சொல்லி எப்போது வேண்டுமானாலும் குரல் எழலாம். ஆனால் இது பட்டியல் போடாமல் இருப்பதற்குக் காரணமாகாது, சீக்கிரம் போட வேண்டும் என்பதற்குத்தான் காரணம். எது நம்முடையது என்று எழுதி வைத்து, மக்கள் அதைப் பயன்படுத்திப் பழகிவிட்டால், திரும்பப் பிடுங்குவது எந்த அரசுக்கும் எளிதல்ல.

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள வேலையும் அல்ல. தமிழ் இணையக் கல்விக்கழகம் நூலுக்குச் செய்ததை இசைத்தட்டுக்கும் செய்யலாம். தட்டின் லேபிள், எண், வெளியான ஆண்டு, பாடியவர், எழுதியவர், மெட்டமைத்தவர், அவர்கள் மறைந்த ஆண்டு ஆகிய விவரங்கள் கொண்ட பட்டியல்தான் முதல் தேவை. அதை வைத்து ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று இந்தப் பாட்டுகள் விடுபட்டன என்று அறிவிக்கலாம். மூன்று பூட்டும் திறந்தவற்றின் ஒலிக்கோப்பை இந்தியக் கணினியிலேயே வைத்து, இறக்கிக்கொள்ள அனுமதிக்கலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் இசைத்தட்டுகளும் பாட்டுப் புத்தகங்களும் காக்கப்பட்டு வருகின்றன. தட்டையும் பாட்டுப் புத்தகத்தையும் ஒத்துப் பார்த்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும். நாட்டுப்புறப் பாட்டுக்கு வேறு முறை வேண்டும்: பாடுகிறவரின் சம்மதமும், அவர் கையில் பணமும். கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் பக்கத்தில் பதிவு செய்த அண்ணன்மார் கதையைத் தேடுகிறவர் இன்று டொரன்டோவைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அந்தக் கதை நடந்ததாகச் சொல்லப்படும் மண்ணில், ஒரு மாவட்ட மைய நூலகத்திலாவது அது கேட்கக் கிடைக்க வேண்டும்.

இதில் படிப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பழைய கிராமபோன் தட்டோ, கோயில் கச்சேரி பதிந்த ஸ்பூல் டேப்போ, கூத்துக் கேசட்டோ உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தட்டின் நடுவிலுள்ள லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். கேசட்டாக இருந்தால் யார் பாடியது, எந்த ஊர்த் திருவிழா, எந்த ஆண்டு என்று தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதி, அதனோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். ஆண்டும் பெயரும் இல்லாத தட்டு, 60 ஆண்டு கடந்தாலும் விடுபட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.